புலம்பலில் இல்லாதவள்

நவம்பர் 28

மகன் பினேகாஸ் லீவு முடிந்து பட்டாளத்துக்குப் போய்ப் பத்து நாள் ஆகிறது. வீட்டில் மறுபடி நானும் மருமகள் செண்பகமும் மட்டும். அவளுக்கு ஏழாம் மாதம் என்பதால் இரண்டேமுக்கால் பேர் என்று சொல்லலாம்.

இன்று மொழிபெயர்ப்புக் குழுவில் பாகம் பிரித்தார்கள். எனக்கு விழுந்தது தாவீதின் புலம்பல். சவுல் ராஜாவும் அவன் மகன் யோனத்தானும் கில்போவா மலையில் போரில் விழுந்துவிட்டார்கள் என்று செய்தி வருகிறது. தாவீது துணியைக் கிழித்துக்கொண்டு அழுது பாடுகிறான். ஒன்பதே வசனம். செமினரியில் முப்பத்தோரு வருஷம் எபிரெயு சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒன்பது வசனம் ஒரு வாரத்து வேலை என்று தலைவர் ஆசீர் போதகர் நினைக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் குழுவின் முறை இது. நான் எபிரெயுவிலிருந்து வரைவு எழுதுவேன். புலவர் குற்றாலிங்கம் தமிழைச் சரிபார்ப்பார். நெற்றி நிறையத் திருநீறோடு வந்து எங்கள் வேதாகமத் தமிழை வறுத்தெடுக்கிற மனிதர். பிறகு கேட்பவர் சோதனை. அந்தக் கதையை முன்பின் கேட்டிராத ஒருவருக்கு ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் எங்கே விழிக்கிறாரோ அங்கே குற்றம் எங்களுடையது.

பாளையங்கோட்டையில் இந்தக் கதைகளைக் கேளாத காதுக்கு எங்கே போவது? அதற்குத்தான் செண்பகம். கோவில்பட்டியில் சபை வாசனையே படாமல் வளர்ந்தவள், பள்ளியில் உடற்பயிற்சி டீச்சர். போன மாதம் கோலியாத்தின் கதையை வாசித்தேன். திருப்பிச் சொல்லிவிட்டு, "ஹெல்மெட் போட்டவன் நெத்தியில கல்லு எப்படி மாமா பட்டுச்சு?" என்றாள். குழு இரண்டு கூட்டம் அதிலேயே கிடந்தது.

புறப்பட்ட அன்று காலையில் பினேகாஸ் என்னிடம் ஒன்று கேட்டான். முடியாது என்றேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

டிசம்பர் 1

முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். ட்செவி. மான் என்றும் பொருள், மகிமை என்றும் பொருள். இஸ்ரவேலின் அழகு உன் மேடுகளில் குத்துண்டு கிடக்கிறது என்று எழுதினால் அழகாக இருக்கிறது. ஆனால் எனக்கு மான்தான் தெரிகிறது. மலைமேல் ஓடத் தெரிந்த ஒன்று அந்த மலைமேலேயே விழுந்துகிடக்கிறது.

சாயங்காலம் பினேகாஸ் அடிவாரத்து முகாமிலிருந்து பேசினான். நாளை மேலே எல்லைச் சாவடிக்கு ஏறுகிறார்களாம், மாசக் கடைசி வரை சிக்னல் இருக்காதாம். செண்பகத்தோடு அரைமணி நேரம். என்னிடம் ஒரு நிமிஷம். "தண்ணி வருதாப்பா?" என்று கேட்டான். வருது என்றேன். "மாத்திரை போடுதியளா?" போடுதேன் என்றேன். அவ்வளவுதான்.

டிசம்பர் 3

கேஸ் சிலிண்டர் வந்தது. கிப்போரிம்: வீரர்களா, பலசாலிகளா? "மறவர்" என்று போடலாம் என்கிறார் புலவர். ஊரில் சண்டை மூட்டிவிடுவார் மனிதர்.

டிசம்பர் 6

மார்க்கெட்டில் சாளை மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஓர் அதிகாரி. பாதி இந்தி, பாதி ஆங்கிலம். பினேகாஸின் அப்பாதானே என்று உறுதி செய்துகொண்டார். நேற்று விடியற்காலை சாவடியின் மேல் பனி சரிந்துவிட்டதாம். ஆறு பேரைக் காணவில்லை. தேடுகிறார்கள். பினேகாஸ் ஆறில் ஒருவன். பிள்ளைத்தாய்ச்சியைப் பயமுறுத்த வேண்டாம் என்று என் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறான். மனைவியிடம் நீங்கள் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார் அதிகாரி. சரி என்றேன்.

மீன்காரி, "ஐயா, தலையை எடுத்துரட்டா, வேணுமா?" என்று கேட்டாள். வேணும் என்றேன். வீட்டுக்கு வந்து பையைச் செண்பகத்திடம் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை.

காணவில்லை என்றுதான் சொன்னார்கள். காணவில்லை என்றால் காணவில்லை. அதற்கு மேல் அதில் பொருள் ஏற்ற எனக்கு உரிமை இல்லை.

டிசம்பர் 7

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கேபிள் ஒயரைப் பிடுங்கினேன். "லைன் போயிருச்சும்மா, ஆள் வர ஒரு வாரம் ஆகுமாம்" என்றேன். பேப்பர்காரனை வழியிலேயே மறித்து இந்த மாசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் "அவனுக்குக் காய்ச்சலாம்" என்றேன். ஒரே காலையில் இரண்டு பொய். அறுபத்தெட்டு வயதில் இவ்வளவு சுலபமாக வருகிறது.

போன வாரம்தான் டாக்டரம்மா அவளுக்குப் பிரஷர் நூற்றைம்பது என்று சொல்லி, அதிர்ச்சியான சங்கதி எதுவும் காதில் விழக்கூடாது என்றார். என் புத்தகத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. சவுலும் யோனத்தானும் விழுந்த செய்தி வந்தபோது யோனத்தானின் பிள்ளைக்கு ஐந்து வயது. செய்தி கேட்ட தாதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதறி ஓடினாள். குழந்தை கீழே விழுந்து இரண்டு காலும் முடமாயிற்று. வாள் செய்யாததைச் செய்தி செய்தது. பிறந்த பிள்ளைக்கே அந்தக் கதி என்றால் பிறவாத பிள்ளைக்கு?

செண்பகம் கேபிளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "போனாப் போகுது மாமா, எவன் சீரியலு பாக்கான்" என்றாள். கைபேசி இருக்கிறதே என்று பயந்தேன். அவள் அதில் சமையல் வீடியோ தவிர வேறு பார்ப்பதில்லை. நல்லவேளை.

டிசம்பர் 8

குளியலறையில் அரைமணி நேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீரை இப்படியா வீணாக்குவது என்று சத்தம் போட்டேன். "மறந்துட்டேன் மாமா" என்று முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறதி அந்த மாதத்தில் வருவதுதான். என் மாத்திரை டப்பாவை மட்டும் மறக்காமல் திறந்து எண்ணிப் பார்த்தாள். இன்று மூன்றாவது தடவை.

கடைக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாவம், வயிற்றோடு நடக்க அவளுக்குத் துணை வேண்டியிருக்கிறது.

அதிகாரிக்கு நான்கு தடவை போன் போட்டேன். தேடுகிறோம் என்கிறார்.

டிசம்பர் 10

லிங்கதுரை வந்தான். பினேகாஸோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவான். கேட்டைத் திறக்காமலே நின்று பேசினேன். செண்பகம் உள்ளே படுத்திருந்தாள்.

அவன் கண் வீங்கியிருந்தது. "அப்பா, மேல இருந்த கேம்ப்ல பேசினேன். மூணு பேரை எடுத்துட்டாவளாம். மூணும் பாடிதான். பினு இன்னும் கிடைக்கல. நீங்க மனசைத் தைரியமா..."

"நீ எப்படில இங்க இருக்க?" என்றேன். "உனக்கும் மேல ஏறுத பட்டியல்லதான பேரு?"

தலையைக் குனிந்துகொண்டான். "எங்கம்மாவேதான் தனக்குச் சீரியஸ்னு ஆபீஸுக்கு மெசேஜ் குடுத்தா. ஒண்ணாந்தேதி இறங்கிட்டேன். அம்மா நல்லாத்தான் இருக்கா. எல்லாரும் செய்யுததுதான அப்பா. பினுகிட்டயும் சொன்னேன், உங்க அப்பாட்ட..."

"போல இங்கருந்து!" என்று கத்திவிட்டேன். என் தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்ததை நானே நம்பவில்லை. எதிர்வீட்டு நாய் குரைத்தது. "செத்த செய்தி சொல்ல உனக்கு வேற வீடு கிடைக்கலையா? இந்த வாசல்ல இனிமே கால் வைக்காத." அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே தெருமுனை வரை போனான்.

புலம்பலுக்கு முந்தின பகுதியில் செய்தி கொண்டுவந்த அமலேக்கியனைத் தாவீது வெட்டச் சொல்கிறான். அவனாவது சவுலைக் கொன்றது நான்தான் என்று தானே சொல்லிக்கொண்டவன். லிங்கதுரை யாரைக் கொன்றான்? அவன் உயிரோடு இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 11

ட்ஸர். "உனக்காக எனக்குத் துயரம்" என்று எழுதிவிடலாம். ஆனால் ட்ஸர் என்றால் இடுக்கு. திரும்ப முடியாத, மூச்சு விட முடியாத ஒடுக்கமான இடம். உனக்காக நான் இடுக்கில் கிடக்கிறேன், யோனத்தானே. பனிக்கு அடியில் எத்தனை மணிநேரம் மூச்சு இருக்கும் என்று யாரிடம் கேட்பது? கேட்கவும் பயமாக இருக்கிறது. ஆறு நாள் ஆகிவிட்டது.

டிசம்பர் 12

மலையைத் திட்டுகிற வசனம். கில்போவா மலைகளே, உங்கள்மேல் பனியும் வேண்டாம், மழையும் வேண்டாம், விளைச்சலும் வேண்டாம். இத்தனை வருஷம் இதை வகுப்பில் சொல்லும்போது, மலை என்ன பாவம் செய்தது, இது கவிதை மரபு என்று விளக்குவேன். மாணவர்களும் எழுதிக்கொள்வார்கள். மடையன் நான். இது மரபு இல்லை. திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாதவன் மலையைத் திட்டுகிறான். தன்னைத் திட்டிக்கொள்ள வேண்டியவனும் மலையைத்தான் திட்டுவான்.

வாய்விட்டு ஏழெட்டு தடவை வாசித்தேன். எபிரெயுவில் வாசித்ததால் செண்பகத்துக்கு ஒன்றும் புரிந்திருக்காது. காப்பி கொண்டுவந்து வைத்தவள் அறையை விட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

டிசம்பர் 13

குழுக் கூட்டம். யாருக்கும் சொல்லவில்லை. "வீரர்கள் விழுந்தார்களே" என்ற வரியில் புலவர் பென்சிலை வைத்தார். "விழுந்தாங்கங்கது வெறும் தரையில தடுக்கி விழுந்த மாதிரி இருக்கு ஐயா. வீரமரணம் எய்தினர்னு போடுவோம். பேப்பர்ல, டிவில எல்லாம் அதான வழக்கம். இந்தா, இப்பக்கூடப் பனியில ஆறு பேரு..."

"நாஃப்லூ" என்றேன். "விழுந்தார்கள். அவ்வளவுதான் இருக்கு. வீரமும் இல்லை, மரணமும் இல்லை. இல்லாததை நான் சேர்க்க மாட்டேன்." மேசையில் கையால் அடித்திருக்கிறேன். மைக்கூடு, காகிதம் எல்லாம் குதித்தன. புலவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அவருக்கு என் மகன் எங்கே வேலை பார்க்கிறான் என்பது தெரியும். பென்சிலை மெதுவாக எடுத்துக்கொண்டு, "உங்க இஷ்டம் ஐயா" என்றார்.

ஆசீர் போதகர் கேட்பவர் சோதனையைப் பதினெட்டாம் தேதிக்குள் முடிக்கச் சொல்கிறார். வேறு ஆள் பார்ப்போம், மருமகளுக்கு உடம்பு முடியவில்லை என்றேன். "அந்தப் பிள்ளை மாதிரி காது நமக்குக் கிடைக்காது ஐயா, படுத்துக்கிட்டே கேக்கட்டும்" என்றார்.

டிசம்பர் 15

நான்காவது ஆளையும் எடுத்துவிட்டார்கள். அவனும் பினேகாஸ் இல்லை.

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாததை இதிலாவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

நவம்பர் பதினெட்டு காலை. பெட்டி கட்டி வாசலில் வைத்துவிட்டு பினேகாஸ் என் அறைக்கு வந்தான். கையில் ஒரு துண்டுத்தாள், அதில் பட்டாளத்துக் கம்பெனி ஆபீஸின் நம்பர். "அப்பா, நான் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் கழிச்சு இந்த நம்பருக்கு ஒரே ஒரு மெசேஜ். அப்பா சீரியஸ், உடனே அனுப்பவும்னு. டிசம்பர்ல மேல ஏறுத பட்டியல் போடுதாவ. மெசேஜ் வந்தா என் பேரை எடுத்துருவாவ. பிரசவத்துக்கு இங்க இருப்பேன்."

"நான் நல்லாத்தான இருக்கேன்" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான்ப்பா லீவு வாங்குதாவ. ஆபீஸருக்கே தெரியும்."

முப்பத்தோரு வருஷம் ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்து எழுதிப் பிழைத்தவன் நான் என்று அவனுக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். இந்த வீட்டில் பொய் கிடையாது என்றேன். அவன் வாதாடவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிரித்தான். "சரிப்பா, உங்கள மாத்த முடியுமா" என்று என் தோளைத் தட்டினான்.

நான்கே நான்கு வார்த்தை. லிங்கதுரையின் அம்மா எழுத்துக்கூட்டிப் படிக்கிற மனுஷி. அவள் அனுப்பினாள். அவள் பிள்ளை தெருவில் நடந்து போகிறான்.

இப்போது நாள் முழுக்கப் பொய் சொல்கிறேன். கேபிள், பேப்பர், நேற்று "பினு ஆபீஸ்ல பேசுனேன், நல்லா இருக்கானாம்" என்று ஒன்று. நாக்கு கூசவில்லை. அன்றைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது எனக்கு அந்தப் பரிசுத்தம்?

டிசம்பர் 17

செண்பகமே கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாள். "என்ன மாமா, இந்தத் தடவ எனக்கு வாசிக்கவே இல்ல? ஆசீர் ஐயா போன் பண்ணிக் கேட்டாங்க."

இன்னும் முடியவில்லை என்றேன். "மேசையிலதான் இருக்கு, நல்ல எழுத்தா எழுதியே வச்சிருக்கீங்க" என்றாள். மறுத்தால் சந்தேகம் வரும். முதலில் பின்னணியைச் சொன்னேன். ஒரு ராஜா, அவன் மகன், மகனின் சிநேகிதன் தாவீது, மலையில் போர். பிறகு ஒன்பது வசனத்தையும் வாசித்தேன். எதிரியின் ஊரில் சொல்லாதீர்கள் என்ற இடத்தை வேகமாகத் தாண்டினேன். மலைகளின் இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன்.

முறைப்படி, "கேட்டதைச் சொல்லும்மா" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டாள். "ஒருத்தன் அழுதான். ரெண்டு பேரு மலையில விழுந்துட்டாக. சேதி வெளிய தெரியக் கூடாதுங்கான், தெரிஞ்சா எதிரியூருப் பொம்பளைக சிரிப்பாகளாம். மலையத் திட்டுதான். அவுக கழுகு மாதிரி வேகம், சிங்கம் மாதிரி பலம்ங்கான். ராஜாவுக்காக ஊருப் பொம்பளைகளை அழச் சொல்லுதான், நல்ல சேலை எடுத்துக் குடுத்த ராஜாவாம். அப்புறம் அந்தச் சிநேகிதனுக்காக அவனே அழுதான். உன் அன்பு பொம்பளைக அன்பைவிட உசத்தின்னான்."

ஒன்றும் விடவில்லை. சரி என்றேன். கண்ணைத் திறந்தாள்.

"அந்த யோனத்தானுக்குப் பொண்டாட்டி இல்லையா மாமா?"

"இருந்திருப்பா. ஒரு மகன் இருந்தான்."

"பேரு?"

"மகன் பேரு மேவிபோசேத்து."

"அவ பேரு."

"எழுதி வைக்கல."

"பொம்பளைக அன்பைவிட உசத்தின்னு பாடுதானே, அவகிட்டக் கேட்டானா? ஊருக்குச் சொல்லாதங்கான், மலைகிட்டப் பேசுதான், எவ எவளையோ அழச் சொல்லுதான். அவகிட்ட யாரு மாமா போய்ச் சொன்னா? அதுதான் எனக்கு விளங்கல. வாசிச்சதுல அது இல்ல."

முப்பத்தோரு வருஷத்தில் ஒரு மாணவனும் இதைக் கேட்டதில்லை. பதில் தேடுகிற பாவனையில் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள். "ஆறாந்தேதி சாயங்காலமே போன்ல நியூஸ் பாத்துட்டேன். பேரு போடல. லிங்கதுரை அண்ணனுக்குப் போன் அடிச்சேன். அவுகதான் சொன்னாக."

அன்று இரவு அவள் மீன்தலையைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மூன்று தலை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

"உங்களுக்கு ஸ்டென்ட் வச்ச நெஞ்சு. போகும்போது அவுக சொன்னது ஒண்ணே ஒண்ணு, அப்பாவைப் பாத்துக்கோன்னு. பிள்ளைக்குச் சாப்பிடணுமேன்னு சாப்பிட்டேன். பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அதுக்கும் நீங்க வஞ்சீங்க." அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "என்னைக்காவது நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். பதினொரு நாளு மாமா. ஒரே வீட்ல."

நான் மேசையைச் சுற்றிப் போய் அவள் தலைமேல் கை வைத்தேன். இரண்டு பேரும் அழுதோம். ஆனால் துண்டுத்தாளைப் பற்றிச் சொல்லவில்லை. வாய் வரை வந்தது. அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டாம் என்று விழுங்கிவிட்டேன். அது அவளுக்காக இல்லை, எனக்காக.

டிசம்பர் 18

ஒருவனை உயிரோடு எடுத்திருக்கிறார்களாம். பதின்மூன்று நாள் கழித்து, இடிந்த கூடாரத்துக்குள் காற்று இருந்த ஒரு பொந்தில். காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. பேர் தெரிய இரண்டு மணிநேரம் ஆனது. அந்த இரண்டு மணிநேரமும் செண்பகம் கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்தாள். நான் ஜெபம் செய்தேன், வேறொருத்தியின் பிள்ளையாக இருக்கக்கூடாதே என்று. இப்படி ஒரு ஜெபத்தை எந்த மொழியிலும் எழுதக்கூடாது.

வேறொருத்தியின் பிள்ளைதான்.

டிசம்பர் 19

கேபிள் ஒயரை மாட்டிவிட்டேன். இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒரு வார்த்தை எழுதவில்லை. புலவர் வந்தார். ஒன்றும் கேட்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போகும்போது வாசலில் நின்று, "விழுந்தார்கள்னே இருக்கட்டும் ஐயா" என்றார்.

டிசம்பர் 20

பதினொன்றே கால் மணிக்கு அதிகாரி பேசினார். நீளமான வாக்கியங்கள். தேசம், தியாகம், பெருமை. நடுவில் ஒரே ஒரு செய்தி இருந்தது. இன்று காலை எடுத்துவிட்டார்கள். நாளை மறுநாள் மதுரைக்கு விமானத்தில் கொண்டுவருவார்கள்.

செண்பகம் அடுக்களையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நேரே போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "கிடைச்சுட்டாம்மா. உயிரோட இல்ல" என்றேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. அவள் கையிலிருந்த ஈர்க்கை முழுக்க உருவி முடித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள். டாக்டரம்மாவும் வந்து பார்த்தார். குழந்தைக்கு ஒன்றுமில்லை. அவளுடைய அம்மாவுக்குச் சொல்லியாயிற்று. கோவில்பட்டியிலிருந்து கிளம்பிவிட்டார்கள்.

வந்தவர்கள் வாசலில் பந்தல் பேச்சுக்குப் போன நேரத்தில் நானும் அவளும் மட்டும் அறையில் இருந்தோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இனி மறைப்பதற்கு என்னிடம் காரணம் எதுவும் பாக்கி இல்லை. சொன்னேன். துண்டுத்தாள், நம்பர், நான்கு வார்த்தை, என் பிரசங்கம், அவன் சிரித்தது, தோளைத் தட்டியது. ஒன்றும் விடவில்லை. "நான்தாம்மா அவனை மேல அனுப்பினேன்" என்றேன்.

அவள் காறித் துப்பியிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

"அந்த யோசனையே என்னோடது மாமா" என்றாள். "லிங்கதுரை அண்ணன் சொன்னதக் கேட்டு நான்தான் அவுகளை உங்ககிட்ட அனுப்பினேன். நீங்க மாட்டேன்னுட்டீங்கன்னு வந்து சொன்னாக. வருத்தப்படல. எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு பாத்தியான்னு பெருமையாச் சொன்னாக." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவுக போயி ஒரு வாரம் கழிச்சு, நீங்க தூங்கும்போது உங்க போனை எடுத்து நானே அந்த மெசேஜை அடிச்சேன். நம்பர் என்கிட்ட இருந்துச்சு. அனுப்புத நேரத்துல, இந்த வீட்ல பொய் கிடையாதுன்னீங்களாமே, அது ஞாபகம் வந்துச்சு. அழிச்சுட்டேன்."

என் ஒரு வார்த்தை இரண்டு பேர் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

"உங்களை நான் மன்னிக்கல மாமா" என்றாள். "என்னையும் மன்னிக்க மாட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும். போனை எடுங்க."

"எதுக்கும்மா?"

"அடிங்க. அன்னைக்கு மாட்டேன்னதை."

"ஆபீஸ் நம்பருக்கா?"

"அவுக நம்பருக்கு."

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். அப்பா சீரியஸ். உடனே வா. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தேன். பிறகு அனுப்பினேன்.

ஒரு டிக் மட்டும் விழுந்தது. அவள் போனை வாங்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்குகிற சத்தம் கேட்டது.

"சார்ஜ் பன்னெண்டுதான் இருக்கு மாமா" என்று சொல்லி, சுவரைப் பிடித்து எழுந்து போய் போனைச் சார்ஜில் போட்டாள்.